குண்டின் வேகமும் குழலின் பொறுமையும்

கடலூர் நகரை ஒட்டிக் குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்னும் பெயருடைய ஊர்கள் உள்ளன. இப்பெயர்களுக்கு முன்னே நிற்கும் 'குண்டு' என்னும் சொல் பீரங்கிக் குண்டையே குறிப்பதாகும். 1690-ஆம் ஆண்டில், செஞ்சியிலிருந்து ஆட்சி செலுத்திய மராட்டிய மன்னர் இராஜாராமிடமிருந்து, தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் விலைக்கு வாங்கினர். சென்னையில் அப்போது கவர்னராக இருந்தவர் எலிஹு யேல் என்பவர். கோட்டையிலிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் சென்று விழுகிறதோ, அவ்வளவு தூரத்திற்கு உட்பட்ட நிலமும் ஊர்களும் கோட்டையோடு சேர்ந்தவை என்பது உடன்படிக்கை. பெரிய பித்தளைப் பீரங்கியொன்று சென்னையிலிருந்து கொண்டுசெல்லப்பட்டது. எல்லாத் திசைகளிலும் சுட்டார்கள். குண்டு விழுந்த இடம் எல்லையாயிற்று. அங்கே உழுதுகொண்டிருந்த குடியானவனை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை!

மாணவ நண்பர்களே, மருந்தைச் சற்று மிகுதியாகத் திணித்தால் இன்னும் ஓர் ஊர் கூடுதலாகக் கிடைக்குமே என்னும் எண்ணம் எந்தப் பீரங்கிக்காரனுக்கும் எழக்கூடியதுதான். ஆனால், அப்படித் திணித்தால் குண்டின் வேகம் எவ்வளவு கூடும், குழல் எவ்வளவு தாங்கும் என்பவற்றை அளந்து சொல்லக்கூடியவர் அன்று உலகத்தில் எவரும் இலர். அவற்றை முதன்முதலாக அளந்து கூறியவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலேயர். அவர் உயிர்நீத்த இடமோ அதே தேவனாம்பட்டினத்துக் கோட்டை. ஆண்டு 1751. கடலூரில் இருப்போரிற்கூட இச்செய்தியை அறிந்தவர் சிலரே.

அவர் செய்த காரியத்தின் அருமையை உணர வேண்டுமானால், அதற்கு முன்பிருந்த நிலையை முதலில் நோக்குதல் வேண்டும். வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்ந்த கருமருந்து பல நூற்றாண்டுகளாகப் போர்க்களங்களில் புகைந்துகொண்டிருந்தது. அதனைக் கையாண்டவர்கள் அனுபவத்தையே நம்பினார்கள். அனுபவமோ சில வேளைகளில் கொடிய ஆசிரியன். 1460-இல் ஸ்காட்லாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ், ராக்ஸ்பரோ கோட்டையை முற்றுகையிட்டபோது, தம்முடைய பீரங்கியே வெடித்துச் சிதறியதனால் மாண்டார். மன்னர் இறந்ததனால் அது சரித்திரத்தில் ஏறியது. பெயரில்லாத பீரங்கிக்காரர்கள் எத்தனை பேர் அவ்வாறு மாண்டனரோ, அதற்குக் கணக்கில்லை. புதிய பீரங்கியில் வழக்கத்திற்கு மிகுதியான மருந்தை இட்டு ஒருமுறை சுட்டுப் பார்ப்பார்கள். உடையாவிட்டால் நல்லது என்று கொள்வார்கள். உள்ளே என்ன நிகழ்கிறது என்பது இருளாகவே இருந்தது.

உள்ளே நிகழ்வதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மருந்து எரியும்போது வாயு பிறக்கிறது. சூட்டினால் அது விரிய முயல்கிறது. குழலின் பின்புறம் மூடியிருக்கிறது; பக்கங்கள் உலோகம்; முன்புறத்தில் மட்டும் குண்டு வழிமறித்து நிற்கிறது. ஆகவே வாயு குண்டைத் தள்ளிக்கொண்டு வெளியேறுகிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளிலே கார் என்ஜின் பொருத்தும் இளைஞர்களுக்கு இதனை விளக்க வேண்டியதே இல்லை. என்ஜினின் சிலிண்டரும் துப்பாக்கியின் குழலும் நெருங்கிய உறவினர்கள். ஒன்றில் பிஸ்டன் போய்த் திரும்பி வருகிறது. மற்றொன்றில் போனது திரும்புவதில்லை. குண்டை விரைவாக ஓட்டுவதும் அழுத்தமே. குழலைப் பிளப்பதும் அதே அழுத்தமே. இந்தத் துறையின் சரித்திரம் முழுவதும் இந்த ஒரு முரண்பாட்டைச் சுற்றியே நடக்கிறது.

ராபின்ஸ் 1707-இல் இங்கிலாந்தின் பாத் நகரில் குவேக்கர் என்னும் சமயப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தார். குவேக்கர்கள் போரை அறவே வெறுப்பவர்கள். அக்குடும்பத்துப் பிள்ளை பீரங்கிக் கணிதத்தின் தந்தையாக விளங்கியது விந்தையே. இருபது வயதில் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1742-இல் அவர் வெளியிட்ட 'பீரங்கியியலின் புதிய கோட்பாடுகள்' என்னும் சிறு நூல், ஐரோப்பியப் படைத்தளபதிகளின் எண்ணங்களையெல்லாம் புரட்டிவிட்டது. மாபெருங் கணித அறிஞரான ஆய்லர் அதனை 1745-இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்து, மூலத்தைவிட நீண்ட விளக்கங்களையும் எழுதிச் சேர்த்தார் என்றால், அந்நூலின் மதிப்பை நீங்களே உணரலாம். 1746-இல் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் ராபின்ஸுக்கு வழங்கப்பட்டது.

கண்ணால் காணவியலாத வேகத்தை அவர் எவ்வாறு அளந்தார்? இதற்கு அவர் கையாண்ட கருவி, பள்ளிக்கூடத்துத் தச்சரைக் கொண்டே செய்துவிடக்கூடிய அளவுக்கு எளியது. முக்காலியொன்றிலிருந்து கனமான ஊசல் ஒன்றைத் தொங்கவிட்டார். அதன் முகத்தில் மரப்பலகை பொருத்தப்பட்டிருந்தது. ஊசலின் மொத்த எடை சுமார் 56 பவுண்டு. சுடப்பட்ட குண்டின் எடை ஒரு பவுண்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு. குண்டு பலகையில் பாய்ந்து புதைந்துவிடும். அதன் உந்தம் முழுவதும் ஊசலுக்கு மாறும். ஊசல் மெல்லப் பின்னோக்கி ஆடும். ஊசலின் அடியில் கட்டிய நாடா எவ்வளவு இழுபட்டது என்று பார்த்தால் ஆட்டத்தின் அளவு கிடைத்துவிடும். நியூட்டன் வகுத்த விதியைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டால், குண்டு பாய்ந்த வேகம் வெளிப்படும். வினாடிக்கு 1,600 அடிக்கு மேல் பறக்கும் குண்டின் வேகம், ஊசலில் வினாடிக்கு இரண்டு மூன்று அடியாகச் சுருங்கிக் கண்ணுக்குள் அடங்கிவிடுகிறது. நான் பௌதிகம் கற்பித்த காலத்தில், மணல் நிரப்பிய தீப்பெட்டியை நூலில் தொங்கவிட்டு, கோலிக்குண்டை எறிந்து இதனை மாணவர்களுக்குக் காட்டுவதுண்டு. கணக்குப் பிடிக்காத பையன்கள்கூட அன்று கணக்குப் போட்டார்கள்.

அளந்தபின் இரண்டு உண்மைகள் வெளிப்பட்டன. முதலாவது, காற்றின் தடையைப் பற்றியது. கலிலியோ காலத்திலிருந்து, பீரங்கிக் குண்டு பரவளையப் பாதையில் செல்கிறது, கனமான குண்டுக்குக் காற்று ஒரு பொருட்டன்று என்றே பெரும்பாலோர் கருதி வந்தனர். 16 பவுண்டு மருந்தினால் ஏவப்படும் 24 பவுண்டுக் குண்டின்மேல் காற்று கொடுக்கும் எதிர்ப்பு, குண்டின் எடையைப்போல் இருபது மடங்குக்கு மேற்பட்டது என்று ராபின்ஸ் காட்டினார். காற்றே இல்லையானால் அக்குண்டு 16 மைல் தூரம் செல்ல வேண்டும். உண்மையிலோ மூன்று மைலைக்கூட எட்டுவதில்லை. எஞ்சிய பதின்மூன்று மைலையும் காற்று விழுங்கிவிடுகிறது.

இரண்டாவது, மருந்தின் ஆற்றல் பற்றியது. எரிந்த மருந்திலிருந்து எழும் வாயு, குளிர்ந்த நிலையிலேயே மருந்தின் பருமனைப்போல் ஏறத்தாழ 244 மடங்கு இடம் கொள்ளும் என்று கண்டார். சூட்டினால் அது இன்னும் நான்கு மடங்காகும். ஆகவே குழலுக்குள் ஏறத்தாழ ஆயிரம் வளிமண்டலங்களின் அழுத்தம் எழுகிறது என்று முடிவு கட்டினார். இந்த எண் மிகக் குறைவு என்பதைப் பிற்கால ஆராய்ச்சி தெளிவாக்கியது. நோபிள், ஏபெல் என்னும் இருவர் 1870-களில் மூடிய எஃகுக் கலத்தில் மருந்தை எரித்து அளந்தபோது, அது ஆறாயிரத்தைத் தாண்டியது. எண் மாறினாலும், இருட்டறையில் முதல் விளக்கை ஏற்றியவர் ராபின்ஸே.

இவ்விரண்டு உண்மைகளையும் ஒருங்கே வைத்து அவர் கண்ட முடிவு அக்காலத்தவரைத் திடுக்கிடச் செய்தது. மருந்தைக் குறையுங்கள் என்றார்! களத்திலே பயன்படும் பீரங்கியில் குண்டின் எடையில் ஆறில் ஒரு பங்கு, மிகுந்தால் ஐந்தில் ஒரு பங்கு மருந்து போதும். கோட்டை மதிலை இடிக்கும் பீரங்கியிற்கூட மூன்றில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்றார். மூன்றில் இரண்டு பங்கு இடுவதே முறை என்று பழகிய கைகளுக்கு இது எப்படி இனிக்கும்? ஆனால் காரணம் தெளிவானது. மிகுதியாக இட்ட மருந்து குண்டுக்குக் கொடுக்கும் அதிக வேகத்தைக் காற்று சிறிது தூரத்திற்குள் பறித்துக்கொள்கிறது. அதே மருந்து எழுப்பும் அதிக அழுத்தத்தையோ குழலும் அதனருகே நிற்கும் மனிதனும் தாங்க வேண்டியிருக்கிறது. பின்னர், வுல்விச் நகரில் சார்லஸ் ஹட்டன் என்பவர் 1775 முதல் பெரிய பீரங்கிகளைக் கொண்டு சோதித்து, வேகமானது மருந்து அளவின் வர்க்கமூலத்தை ஒட்டியே உயர்கிறது என்று கண்டார். அதாவது, வேகத்தை இரு மடங்காக்க வேண்டுமானால், மருந்து நான்கு மடங்கு வேண்டும். வேகத்தின் பேராசைக்கு இயற்கை விதித்த வட்டிக் கணக்கு இது. கந்துவட்டியைக் காட்டிலும் கடுமையானது.

சுரிகுழல் துப்பாக்கி, அதாவது ரைபிள், பற்றியும் ராபின்ஸ் 1747-இல் ஒரு கட்டுரை படித்தார். குழலின் உட்புறத்தில் சுருள் வரிகள் வெட்டினால் குண்டு தன்னைத்தானே சுற்றிக்கொண்டு நேராகச் செல்லும். இதன் இயல்பை முற்ற உணர்ந்து தன் படையில் முதலில் வழங்கும் நாடு, துப்பாக்கியை முதலில் கண்ட நாட்டுக்கு ஒப்பான மேன்மையை அடையும் என்பது அவர் கருத்து. நூறு ஆண்டுகளுக்குப் பின்னர் அது நடந்தது.

இத்தகைய அறிஞர் சோழமண்டலக் கரைக்கு எப்படி வந்தார்? 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியதும், 1749-இல் உடன்படிக்கையின்படி அது திரும்பக் கிடைத்ததும் நீங்கள் பாடத்தில் படித்தவை. இடிந்த கோட்டைகளைச் செப்பனிட ஒரு தலைசிறந்த பொறியியலாளர் தேவை என்று கம்பெனியார் எண்ணினார்கள். ராபின்ஸைத் தலைமைப் பொறியியலாளராக நியமித்தார்கள். 1749-ஆம் ஆண்டின் இறுதியில் கப்பலேறி, 1750 ஜூலையில் அவர் தேவனாம்பட்டினம் வந்து சேர்ந்தார். சென்னை கைவிட்டுப் போனபின் அதுவே இக்கரையில் கம்பெனியின் தலைமையிடமாக இருந்தது. புனித ஜார்ஜ் கோட்டைக்கும் தேவனாம்பட்டினத்துக்கும் திட்டங்கள் தீட்டினார். நம் நாட்டு வெயிலும் காய்ச்சலும் அவரை விடவில்லை. 1751 ஜூலை 29-ஆம் நாள் இறந்தார். கம்பெனிக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தபோதே, கையில் பேனாவுடன் உயிர் பிரிந்தது என்று சொல்லப்படுகிறது. வயது நாற்பத்து நான்கு. ஏழாண்டுகள் கழித்து, 1758-இல், பிரெஞ்சுத் தளபதி லாலி அக்கோட்டையைப் பிடித்துத் தகர்த்தார். இன்று கெடிலத்தின் முகத்துவாரத்தருகே சில இடிபாடுகளே எஞ்சியுள்ளன.

அழுத்தத்தை அடக்கி வேகம் பெறுவதில், நம் நாட்டவரும் அக்காலத்தில் ஒரு வழி கண்டிருந்தனர் என்பதை இங்கே கூறாமல் மேற்செல்வது முறையன்று. காஞ்சிபுரத்துக்கு அண்மையிலுள்ள புள்ளலூரில், 1780 செப்டம்பர் 10-ஆம் நாள், கர்னல் பெய்லியின் படையை ஐதர் அலியும் திப்புவும் முறியடித்தனர். பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறியது போரின் போக்கையே மாற்றிவிட்டது. அக்களத்தில் மைசூர்ப் படையினர் ஏவிய வாணங்களின் சிறப்பு மருந்தில் இல்லை, உறையில் இருந்தது. ஐரோப்பாவில் வாணத்தின் உறை காகித அட்டை. மைசூரிலோ இரும்புக் குழாய். இரும்பு மிகுந்த அழுத்தத்தைத் தாங்கும். ஆகவே வாணம் மிகுந்த வேகத்துடன் ஆயிரம் கஜத்துக்கு மேலும் சென்றது. அவற்றுட் சிலவற்றை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் ஆராய்ந்தே, வில்லியம் காங்கிரீவ் தம் வாணங்களை உருவாக்கத் தொடங்கினார். கலம் வலிதானால் வேகம் வரும் என்னும் பாடத்தை மேல்நாடு நம் பக்கத்துக் களத்திலிருந்து கற்றது என்று சொல்வதில் தவறில்லை.

குன்றத்தூர் முருகன் கோயில் குன்றுக்கு நேர் கிழக்கே, ஏறத்தாழ ஆறேழு மைல் தொலைவில் இருப்பது பரங்கிமலை. சேக்கிழார் பிறந்த ஊர்க்காரர்களாகிய எங்களுக்குப் பரங்கிமலை என்றால் இன்று இரயில் நிலையமும் இராணுவ அதிகாரிகளின் பயிற்சிக்கூடமும் நினைவுக்கு வரும். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் சென்னைப் பீரங்கிப்படையின் தலைமையிடம் அதுவே. இந்திய நிலத்தை அளக்க லாம்டன் 1802-இல் முதல் அடிக்கோட்டை இட்டதும் அதன் அருகிலேதான். பீரங்கிகளை இழுக்கவும் துடைக்கவும் குண்டு எடுத்துக் கொடுக்கவும் லஸ்கர்கள் என்ற பெயரில் நின்றவர்கள் நம்மவர்கள். மருந்தின் அளவைப் பற்றி ராபின்ஸும் ஹட்டனும் எழுதிய எண்கள் அவர்களைப் பொறுத்தவரை ஏட்டுச் சுரைக்காய் அல்ல, உயிர்க் கணக்கு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேட்டைத் துப்பாக்கிக்காரர்கள் வேகத்தின் மேல் மோகங்கொண்டார்கள். 1856-இல், லண்டனில் பர்டி என்னும் துப்பாக்கித் தொழிலாளர், இலேசான குண்டும் மிகுந்த மருந்தும் இடும் ஒரு ரைபிளைச் செய்து, அதற்கு 'எக்ஸ்பிரஸ் டிரெயின்' என்று பெயரிட்டார். இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை சென்னை இராஜதானியின் முதல் இரயில் ஓடியதும் அதே 1856-இல்தான். வேகம் என்றாலே இரயில் என்றிருந்த காலம் அது. பித்தளைத் தோட்டாக் கூடுகள் வந்தபின், சுட்டுக் கழித்த கூட்டையே மீண்டும் எடுத்து, மருந்தை நிறுத்து, குண்டைப் பொருத்திக் கையாலேயே தோட்டா ஆயத்தம் செய்யும் பழக்கமும் பரவிற்று. சில மேல்நாடுகளில் இன்றும் விளையாட்டுச் சுடுவோர் இதனைச் செய்கிறார்கள். அழுத்தம் அளந்து அச்சிட்ட அட்டவணையை மீறாமலிருப்பதே அவர்களுடைய முதல் ஒழுக்கம். நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா செய்வது குற்றம், அது நல்லதே.

கருமருந்தைப் பொறுத்தவரை பேராசைக்கு ஓர் எல்லை இருந்தது. பொடியாக இருப்பதனால் அது ஒரே கணத்தில் எரிகிறது. குண்டு நகர்வதற்குள் அழுத்தம் உச்சிக்குப் போய்விடுகிறது. குண்டு குழலின் நடுவை எட்டும்போதோ வாயு களைத்துவிடுகிறது. அடுப்பில் சுள்ளியைக் குவித்துப் பற்றவைத்தால் குபீரென்று எரிந்து அடங்குகிறது. புளியங்கட்டையை வைத்தால் நின்று நிதானமாக எரிகிறது. நம் பாட்டிமார் அறிந்த இந்த உண்மையை, பீரங்கிக்குப் பயன்படுத்தியவர் அமெரிக்க இராணுவ அதிகாரி தாமஸ் ராட்மன். 1844-இல் பிரின்ஸ்டன் என்னும் அமெரிக்கப் போர்க்கப்பலில், விருந்தினர் முன்னிலையில் சுட்ட பெரும் பீரங்கி வெடித்து, அந்நாட்டு அமைச்சர் இருவர் உள்ளிட்டோர் மாண்டனர். அதன் பின் பீரங்கி வார்ப்பையும் மருந்தையும் ஆராய்ந்த ராட்மன், குழலுக்குள் எழும் அழுத்தத்தை அளக்க ஒரு கருவி செய்தார். அழுத்தம் ஒரு கத்தி முனையைச் செப்புத் தகட்டில் பதிக்கும். பதிந்த தழும்பின் நீளமே அளவு. அளந்து பார்த்தபின், மருந்தைப் பெரிய கட்டிகளாக அழுத்தி, நடுவில் துளைகளும் இட்டார். எரிய எரியத் துளை அகலும். எரியும் பரப்பும் கூடும். குண்டு முன்னே ஓட ஓட, பின்னாலிருந்து வாயு பிறந்துகொண்டே துரத்துகிறது. உச்ச அழுத்தம் குறைந்தது, வேகம் குறையவில்லை. மருந்தை மிகுதியாக்காமல் அது எரியும் விதத்தை மாற்றுவதே வழி என்பது அன்று தெளிவாயிற்று.

1884-இல் பிரான்ஸில் வியேல் என்னும் இரசாயனி கண்ட புகையில்லா மருந்தும், 1889-இல் ஏபெல், டூவார் இருவர் இங்கிலாந்தில் கண்ட கார்டைட்டும் இவ்வழியின் தொடர்ச்சியே. கார்டைட் என்னும் பெயர் கயிறு என்னும் பொருளுள்ள சொல்லிலிருந்து பிறந்தது. பிசைந்த மாவை முறுக்கு அச்சில் பிழிவதுபோலப் பிழிந்து, கயிறாக எடுத்து உலர்த்துவார்கள். இழை தடித்திருந்தால் மெதுவாக எரியும். மெலிந்திருந்தால் விரைந்து எரியும். எந்தத் துப்பாக்கிக்கு எந்த இழை என்பதை அச்சின் துளையே தீர்மானித்துவிடும்.

இந்தக் கார்டைட்டை இந்தியாவிலேயே செய்வதற்கு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், நீலகிரியில் குன்னூருக்கும் உதகைக்கும் இடையே அருவங்காட்டில் தொழிற்சாலை அமைத்தனர். அங்குள்ள குளிர்ச்சி இத்தகைய மருந்துக்கு இணக்கமானது. உதகைக்கு மலை இரயிலில் சென்றவர்கள் அருவங்காடு நிலையத்தைக் கடந்திருப்பார்கள். 2021 முதல் அத்தொழிற்சாலை மத்திய அரசின் மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட் என்னும் நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது.

வெப்பம் என்றேன். இது நம் நாட்டுக்கே உரிய சிக்கல். கார்டைட் சூடேறியிருந்தால் விரைந்து எரிகிறது; அழுத்தம் ஏறுகிறது. லண்டன் குளிரில் பத்திரமாகச் சுட்ட தோட்டா, சித்திரை வெயிலில் கிடந்தபின் அதே துப்பாக்கியில் அபாயமாகலாம். ஆகவே இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் அனுப்பும் வேட்டைத் தோட்டாக்களில் மருந்தைக் குறைத்தே அடைத்தார்கள். மற்றொரு தொல்லை, கார்டைட்டின் கடுஞ்சூட்டினால் குழலின் உட்புறம் அரிக்கப்பட்டதாகும். தென்னாப்பிரிக்கப் போருக்குப் பின், அதிலுள்ள நைட்ரோகிளிசரினை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துப் புதிய கலவை செய்தார்கள்.

இனி, நம் படையினர் நெடுங்காலம் தாங்கிய .303 ரைபிளின் கதையைப் பாருங்கள். 1888-இல் அது கருமருந்துத் தோட்டாவுடன் வந்தபோது, 215 கிரெய்ன் எடையுள்ள குண்டு வினாடிக்குச் சுமார் 1,850 அடி வேகத்தில் பாய்ந்தது. கார்டைட் வந்ததும் அது ஏறத்தாழ 1,970 அடியாயிற்று. 1910-இல் வந்த ஏழாம் மாதிரித் தோட்டாவில் 2,440 அடியை எட்டிற்று. இப்பெருந்தாவல் எப்படி வந்தது? குண்டை 174 கிரெய்னாக இலேசாக்கி, மொட்டை முனையைக் கூர்முனையாக்கினார்கள். இலேசான குண்டை அதே ரைபிள் அஞ்சாமல் தள்ளிற்று. கூர்முனை காற்றைக் கிழித்தது. காற்றின் எதிர்ப்பைப் பற்றி ராபின்ஸ் எழுதியதற்கு நூற்றறுபத்தெட்டு ஆண்டுகள் கழித்துச் சிப்பாயின் தோட்டாவுக்குக் கூர்முனை வந்தது.

1962-இல் சீனப் போர் நிகழ்ந்தது. அதனை அடுத்து, வங்காளத்து இஷாப்பூர்த் தொழிற்சாலையார் பழைய .303 ரைபிளின் அமைப்பையே வைத்துக்கொண்டு, 7.62 மில்லிமீட்டர்த் தோட்டாவைச் சுடும் ரைபிளைச் செய்ய முனைந்தனர். புதிய தோட்டாவின் அழுத்தம் பழையதைவிட மிகுதி. ஏறத்தாழ 4,000 வளிமண்டலங்கள். தோற்றம் ஒன்றாயிருக்கிறதே என்று பழைய எஃகையே வைத்துவிடவில்லை. வலிமை மிகுந்த வேறு எஃகில் செய்தார்கள். 2ஏ என்று பெயரிட்ட அந்த ரைபிளின் குறிபார்க்கும் பட்டையில் முதலில் 2,000 வரை தூரம் குறித்திருந்தது. அடுத்து வந்த 2ஏ1 மாதிரியில் அதனை 800 மீட்டராகக் குறைத்தார்கள்.